அலாரம் டிஸ்க் லாக்: சத்தம் நம்பலாம், உடம்பை நம்பாதீர்கள்

பைக் உதிரிபாகக் கடைகளிலும் ஆன்லைனிலும் ஏறக்குறைய 500 முதல் 1,000 ரூபாய் வரை விற்கும் அலாரம் டிஸ்க் லாக் பற்றிய விமர்சனம் இது. டிஸ்க் பிரேக் தட்டின் ஓட்டையில் பின்னை நுழைத்துப் போடும் பூட்டு, யாராவது வண்டியை ஆட்டினால் அலறும். அட்டைப்பெட்டியில் பெயர்தான் மாறும். உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றே: 6 அல்லது 7 மி.மீ. பின், ஆறு எல்.ஆர்.44 பட்டன் செல், அதிர்வை உணரும் சென்சார், கூடவே '110 டெசிபல்' என்ற பெருமை.

சைடு லாக்கை மட்டும் நம்பி நிறுத்தும் வண்டிக்கு இதைத் தாராளமாக வாங்கலாம். சைடு லாக்கின் நாக்கு சின்னது, பலத்துக்கு நிற்காது. டிஸ்க் லாக் சக்கரத்தையே பிடிப்பதால் இன்ஜின் ஸ்டார்ட் ஆனாலும் வண்டி உருளாது. சின்ன ஆட்டத்துக்கே கத்துவதுதான் இதன் உண்மையான வேலை.

உடம்பு விஷயத்தில் ஏமாற வேண்டாம். விலை குறைந்த பூட்டுகளில் பின் மட்டும்தான் எஃகு, கூடு துத்தநாகக் கலவை வார்ப்பு. கடையிலேயே ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பின்னில் ஒட்டி, கூட்டில் ஒட்டவில்லை என்றால் அநேகமாக வார்ப்புதான். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் சில ரகங்களில் காந்தம் ஒட்டாது. ஆனால் இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது பேராசை.) வார்ப்புக் கூடு சம்மட்டி அடி தாங்காது. ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் அது பெரிய குறையில்லை, அலறும் பூட்டை நின்று நிதானமாக அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒதுக்குப்புறமான இடத்தில் அதே குறைதான் உங்கள் வண்டியைக் கொண்டுபோகும்.

வாங்குமுன் மூன்று அளவு பார்க்க வேண்டும். டிஸ்க்கின் ஓட்டைக்குள் பின் போகிறதா என்பதை பின்னின் அளவேயுள்ள டிரில் பிட்டின் தண்டை நுழைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஓட்டை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது இரண்டாவது. பூட்டின் வாய் ஆழமில்லை என்றால் பின் ஓட்டையை எட்டாது. மூன்றாவது, சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவே பூட்டின் உடம்புக்கு இடம் இருக்கிறதா என்பது. டிஸ்க் வைத்த ஸ்கூட்டர்களில் இந்த மூன்றாவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி உள்ளதை எடுப்பதே மேல்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் அது உண்டு. டிஸ்க்குக்கு உள்பக்கம் சின்னச் சின்னத் துளைகளோடு ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அது சென்சாருக்கானது. பின்னை அதில் விட்டாலோ, பூட்டு அதில் இடித்தாலோ வளையம் வளைந்து, மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரியும்.

பூட்டை மறந்து வண்டியை எடுப்பதுதான் இந்தப் பொருளால் வரும் பெரிய விபத்து. சக்கரம் அரைச் சுற்று சுற்றி வேகம் பிடித்த பிறகு பூட்டு போய் இடித்தால் காலிப்பரோ (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) மட்கார்டோ போகும், வண்டியும் சாயும். பெரும்பாலான பைக்குகளில் முன் காலிப்பர் ஃபோர்க்குக்குப் பின்பக்கம் இருக்கும். வண்டி முன்னே நகரும்போது டிஸ்க்கின் பின்பாதி மேல்நோக்கிப் போகும். அதனால் பூட்டைக் காலிப்பருக்குக் கீழே ஒட்டினாற்போல் போடுங்கள். நகர்ந்த மாத்திரத்தில் முட்டி நின்றுவிடும், சேதமும் குறையும். பூட்டோடு வரும் சுருள் ஒயரை ஹேண்டிலில் மாட்டச் சோம்பல்படாதீர்கள். ஒயர் வராத பூட்டு என்றால் நினைவூட்ட ஒரு சிவப்பு ரிப்பன் போதும்.

அலாரம் நன்றாகவே வேலை செய்கிறது. பூட்டியதும் 'பீப்' என்று ஒரு ஒலி, சில விநாடிகளில் சென்சார் விழித்துக்கொள்ளும். முதல் ஆட்டத்துக்குச் சின்னதாக எச்சரிக்கும், தொடர்ந்து ஆட்டினால் முழுக் குரலில் அலறிவிட்டு மறுபடி காத்திருக்கும். பல மாடல்களில் பூட்டின் உருளையைத் திருப்பிப் போட்டால் அலாரம் இல்லாமலும் பூட்டலாம். ரயில் நிலைய ஸ்டாண்டில் விடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அங்கே இடம் பண்ண வண்டிகளை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். பகல் முழுக்கக் கத்திய பூட்டு, சாயங்காலம் செல் தீர்ந்து ஊமையாகக் கிடக்கும். டோக்கன் கொடுக்கிறவரின் வசவு தனி.

செல் தீரப்போவதைச் சத்தத்தின் பிசிறே காட்டிக்கொடுக்கும். ஆறு செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலந்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும். மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றும்போதே, எந்தப் பக்கம் பிளஸ் என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஸ்பீக்கர் துளை கீழே பார்க்கும்படி பூட்டினால் தண்ணீர் தங்காது. சாவித் துவாரத்துக்கு எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்த்துக் கெட்டியாக்கிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

இதற்குப் பதிலாக ஜி.பி.எஸ். டிராக்கர் போதாதா என்றால், அது திருட்டைத் தடுப்பதைவிட, போன வண்டியைத் தேடவே அதிகம் உதவும். நிறுத்திய நிலையிலும் மின்சாரம் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் டிராக்கர் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி தின்னும். 4 ஆம்பியர் மணி பேட்டரி எட்டே நாளில் காலி, செல்ஃப் அதற்கு முன்பே படுத்துவிடும். தினமும் ஓடும் வண்டிக்கு இரண்டையும் சேர்த்தே வைக்கலாம்.

இரண்டு சக்கரமும் டிரம் பிரேக் என்றால் இந்தப் பூட்டால் பயனில்லை. பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துக் கோக்கும் தடித்த சங்கிலியைப் பாருங்கள். சங்கிலி தரையில் கிடக்காமல் இழுத்துப் பூட்ட வேண்டும், தரை தொட்டால் அடித்து உடைக்க அதுவே பட்டறைக்கல் ஆகிவிடும்.