பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றுவதா, மாற்றுவதா, விடுவதா?

டிஸ்க் பிரேக் உள்ள பைக்கில் முன் பிரேக் லீவரை ஒட்டியிருக்கும் டப்பாவின் கண்ணாடியில் ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டால் மூன்று வழிகள் உண்டு. மேலே கொஞ்சம் ஊற்றலாம், முழுவதையும் மாற்றலாம், அல்லது அப்படியே விடலாம். பலரும் ஊற்றத்தான் போகிறார்கள். மூன்றில் நான் கடைசியாக வைப்பது அதைத்தான்.

முதலில் லெவலைச் சரியாகப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்போது தெரியும் அளவை நம்ப முடியாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, டப்பாவின் மூடி தரைக்கு இணையாக வரும்வரை ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால் யாரையாவது வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். குறைந்ததாகத் தோன்றிய ஆயில் பல நேரம் சரியாகவே இருக்கும்.

உண்மையிலேயே இறங்கியிருந்தாலும், கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கும்வரை விடுவதே நல்லது. டிஸ்கைக் கவ்வுவது பிரேக் பேட், அதை அழுத்தும் பிஸ்டன் இருப்பது சக்கரத்தருகே உள்ள காலிப்பரில். பேட் தேயத் தேய அந்தப் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். அதாவது மெல்ல மெல்லக் குறையும் ஆயில், பேடைப் பார் என்கிறது. நான் ஒருமுறை அதைக் கவனிக்காமல் மேல்கோடு வரை ஊற்றி வைத்தேன். அடுத்த மாதம் புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஆயில் திரும்ப ஏறி மூடி வழியே கசிந்து, டேங்க் பெயிண்ட் உரிந்துவிட்டது. இந்த ஆயில் பெயிண்டைத் தின்னும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சில நாட்களிலேயே சட்டென்று குறைந்தால் கதை வேறு. காலிப்பர், ஹோஸ் இணைப்பு, லீவரின் அடிப்பகுதி இவற்றில் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள், வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அப்படியானால் எப்போது ஊற்றலாம்? பேட் நன்றாக இருக்கிறது, ஒழுகல் இல்லை, ஆனாலும் கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்றால் மட்டும். மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டுத் திறங்கள். அந்த ஸ்க்ரூக்களின் தலை எளிதில் வழுக்கிக்கொள்ளும். பொருத்தமான ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்தித் திருப்புங்கள். மேல்கோட்டைத் தாண்டாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் தொங்கியிருந்தால் பழையபடி மடித்து வைத்து மூடுங்கள்.

மாற்றுவதுதான் என் முதல் தேர்வு. லெவல் சரியாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற தர ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் காலிப்பர் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால் அந்த ஆவி அழுந்தும். லீவர் ஹேண்டில்பார் வரை வந்தும் பிரேக் பிடிக்காது. மேலே ஊற்றுகிற புது ஆயில் டப்பாவிலேயே நிற்கும். சூடாகிற காலிப்பரில் அதே பழைய ஆயில்தான் இருக்கும். ஊற்றுவதை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

வேலை கடினமில்லை. காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளில் ட்யூபை மாட்டி, லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் தளர்த்தி, இறுக்கி, அப்புறம்தான் லீவரை விட வேண்டும். தெளிந்த ஆயில் வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். இடையில் டப்பா காலியாக விடாதீர்கள், காற்று புகுந்துவிடும். ஏபிஎஸ் வண்டியில் காற்று புகுந்தால் எடுப்பது சிரமம். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடலாம்.

எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிகான், இவற்றோடு கலக்கவே கூடாது. 5-ஐயும் 5.1-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சீல் உடைக்காத சிறு பாட்டிலாக வாங்குங்கள். மீந்ததை அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டாம்.

முடிந்ததும் லீவர் கெட்டிப்படும் வரை பலமுறை அழுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாலையில் இறக்குங்கள்.