தொடக்கநிலை ஐந்து: பள்ளி வகுப்பா, பயிலரங்கா, வீடா?

சிங்கப்பூரில் பிள்ளை தொடக்கநிலை 5க்குப் போனதும் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு தகவல் வரும். பாலியல் கல்வி வகுப்பில் என்னென்ன சொல்லித் தரப்படும், வேண்டாம் என்றால் பிள்ளையை எப்படி விலக்கிக்கொள்வது என்று அதில் இருக்கும். நம்மவர்களில் பலர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கற்றல் பயணத்துக்கான அனுமதிப் படிவத்தோடு சேர்த்து மறந்தும் விடுகிறார்கள். சிலர் பதறிப்போய் விலகல் படிவத்தை நிரப்புகிறார்கள். "வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறோம்" என்பது அவர்கள் தரும் காரணம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

பத்திலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்கு இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன: பள்ளியின் வகுப்பு, வெளி அமைப்புகள் நடத்தும் பயிலரங்கு, வீட்டுப் பேச்சு. எது மேல் என்று சொல்வதற்கு முன், எதை வைத்து அளப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சமூக மன்ற நிகழ்ச்சிகளில் இந்த வயதுப் பிள்ளைகளோடு தொண்டூழியராக இருந்திருக்கிறேன். உடல் பாதுகாப்பு பற்றிய அமர்வு முடிந்ததும் ஒரு தாளைக் கொடுப்போம். "யாராவது தவறாகத் தொட்டால் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்வேன்" என்ற வரிக்கு எதிரே எல்லாரும் 'ஆம்' என்று குறித்துவிடுவார்கள். அடுத்த வரி, "அந்தப் பெரியவர் யார்?" அங்கே பேனாக்கள் நின்றுவிடும். ஒரு சிறுமி 'அம்மா' என்று எழுதி, அடித்துவிட்டு, 'டீச்சர்' என்று எழுதி, அதையும் அடித்ததைப் பார்த்தேன். முதல் வரியை மட்டும் எண்ணியிருந்தால் அந்த நிகழ்ச்சி நூற்றுக்கு நூறு வெற்றி.

இந்தச் சிக்கல் உலக அளவிலும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய பகுதிகளில் நடந்த 8 சோதனைகளை அலசியது. பங்கேற்றவர்கள் 55,000க்கும் மேல். வகுப்பில் பாடம் நடத்தியது மட்டும் எச்ஐவி, பிற பாலியல் தொற்றுகள், பதின்ம வயதுக் கர்ப்பம் ஆகியவற்றைக் குறைத்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. பாலியல் கல்வியே வீண் என்பவர்கள் இதைத் தூக்கிப் பிடிப்பார்கள். அதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2015இல், நிக்கோல் ஹேபர்லேண்ட் என்ற ஆய்வாளர் 22 திட்டங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஆண், பெண் உறவில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதைப் பேசிய 10 திட்டங்களில் 8, கர்ப்பத்தையோ தொற்றையோ குறைத்திருந்தன. அதைப் பேசாத 12 திட்டங்களில் இரண்டு மட்டுமே குறைத்திருந்தன. ஆக, வகுப்பு நடந்ததா இல்லையா என்று கேட்பதைவிட வகுப்பில் எதைப் பேசினார்கள் என்று கேட்பதுதான் பொருத்தம்.

பதினோரு வயதுப் பிள்ளையிடம் கர்ப்ப விகிதத்தை அளந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பதும் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஆய்வு ஒன்று 10 முதல் 14 வயது வரையுள்ளவர்களைப் பல நாடுகளில் பின்தொடர்கிறது. நம் பக்கத்து நாடான இந்தோனீசியாவில் செமாராங், டென்பசார், பண்டார் லம்புங் நகரங்களில் ஒரு பள்ளித் திட்டம் அதில் மதிப்பிடப்பட்டது. ஆண் பெண் பற்றிய எண்ணம், கேலியும் துன்புறுத்தலும், தன் கருத்தைச் சொல்லும் துணிவு போன்றவற்றைத்தான் அங்கே கவனிக்கிறார்கள். இந்த வயதுக்கு இதுதான் சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். என் வார்த்தையில் சொல்வதானால், உரிய காலத்தில் சொன்னார்களா, 'வேண்டாம்' என்று சொல்லவும் அடுத்தவர் 'வேண்டாம்' என்றால் நிற்கவும் பழக்கினார்களா, சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் கிடைத்தாரா?

இந்த மூன்றில் பள்ளி எங்கே நிற்கிறது? கல்வி அமைச்சின் பாலியல் கல்வி தொடக்கநிலை 5இல் பருவ மாற்றங்களோடு தொடங்கி, உயர்நிலையில் காதல், கர்ப்பம், கருத்தடை, பாலியல் தொற்று என்று விரிகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்தான் நடத்துகிறார்கள். பதின்ம வயதினருக்குத் திருமணத்துக்கு முன் உறவைத் தவிர்ப்பதே சிறந்தது என்பது அதன் நிலைப்பாடு. இதை அமெரிக்காவின் 'தவிர்த்தல் மட்டும்' திட்டங்களோடு ஒன்றாக்கிப் பேசுவது தவறு. அங்கே அப்படிப்பட்ட நான்கு திட்டங்களை அரசே ஆராயச் செய்தது. 2007இல் வெளிவந்த முடிவில், அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதல் உறவின் வயதில்கூட வேறுபாடு தெரியவில்லை. இங்கே தவிர்த்தலை முன்னால் வைத்தாலும் ஆணுறை, கருத்தடை பற்றிய தகவலை மறைப்பதில்லை. மிகவும் தாராளம் என்று ஒரு தரப்பும், மிகவும் இறுக்கம் என்று மறு தரப்பும் குறைப்படுகின்றன. பாடத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் குறைப்படுகிறவர்கள் குறைவு.

பள்ளியின் பெரிய பலம், அது எல்லாரையும் தொடுகிறது. அப்பா இரவுப் பணிக்குப் போகும் ஈரறை வீட்டுப் பிள்ளைக்கும் தனியார் கூட்டுரிமை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பாடம். பலவீனம் காலம். பெண் பிள்ளைகளுக்கு எட்டு வயதிலிருந்தே பருவ மாற்றம் தொடங்கலாம் என்பதை மருத்துவம் இயல்பாகவே ஏற்கிறது. தொடக்கநிலை 4இலேயே வயதுக்கு வந்துவிட்ட பெண்ணுக்குத் தொடக்கநிலை 5இல் நடக்கும் வகுப்பு நடந்து முடிந்த கதை. மற்றொரு பலவீனம், நாற்பது பேர் இருக்கும் அறையில் கையைத் தூக்கிக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. கேள்விப் பெட்டி வைத்தால் வரும். எங்கள் பெட்டியில் விழுந்த மடித்த தாள் ஒன்றில் இருந்த கேள்வி: "மாதவிடாய் நாளில் நீச்சல் வகுப்புக்கு வரவில்லை என்று ஆண் ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது?" கருமுட்டை, கருப்பை படமெல்லாம் அந்தப் பிள்ளைக்கு அறிவியல் பாடத்திலேயே தெரியும். அவளுக்கு வேண்டியது ஒரு வாக்கியம்.

வெளி அமைப்புகளின் கதைக்கு இங்கே தனி வரலாறு உண்டு. 2009இல் 'அவேர்' மகளிர் அமைப்பின் நிர்வாகத்தைப் பிடிப்பதில் மூண்ட பூசல் ஊரறிந்தது. மிகவும் தாராளம் என்று குறை சொல்லப்பட்ட அதன் பள்ளிப் பயிலரங்கும் அந்தச் சூட்டில் சிக்கிக்கொள்ள, கல்வி அமைச்சு அதை நிறுத்திவைத்தது. 2014இல் எதிர்ப்பக்கம். மரபுப் போக்குள்ள 'ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி' அமைப்பு நடத்திய உறவுப் பயிலரங்கு, ஆண் இப்படி, பெண் அப்படி என்று வார்ப்புகளைத் திணிக்கிறது என்று ஒரு மாணவி தன் கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதம் பரவியது. அந்த ஆண்டு முடிவோடு அந்தப் பயிலரங்கும் நின்றது. தாராளம் பேசியவர்களுக்கும் மரபு பேசியவர்களுக்கும் ஐந்தே ஆண்டு இடைவெளியில் ஒரே கதிதான். ஒருவகையில் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த மாணவியின் புகாரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஹேபர்லேண்ட் பிரித்துப் பார்த்த அதே அதிகாரக் கேள்வியைத்தான் அவர் எழுப்பியிருந்தார்.

ஒருநாள் பயிலரங்குகளில் எனக்குள்ள தயக்கம், பரபரப்பு உத்திகள் அங்கே எளிதில் நுழைந்துவிடும் என்பது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 13 முதல் 15 வயதுப் பெண்களுக்கு, அழுகிற, பால் கேட்கிற மின்னணுப் பொம்மைக் குழந்தையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தாய்மையின் சுமை தெரிந்தால் கர்ப்பம் குறையும் என்பது எண்ணம். 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு தலைகீழ். பொம்மை வாங்கியவர்களில் 8 விழுக்காட்டினர் இருபது வயதுக்குள் குழந்தை பெற்றிருந்தார்கள், வாங்காதவர்களில் 4 விழுக்காட்டினர். கருக்கலைப்பும் முன்னவர்களிடமே அதிகம். பார்க்கக் கவர்ச்சியாக இருப்பதெல்லாம் பயன் தராது. எடுத்துக்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்கென்று நடக்கும் பயிலரங்குகள் வேறு ரகம். அவேர் இப்போது பெற்றோருக்கு நடத்துவது அந்த வகை. அங்கே பிள்ளைக்குப் பாடம் இல்லை, பெற்றோருக்குத்தான் பயிற்சி. பிள்ளையின் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுவது. இந்த வகைப் பயிற்சியில், உடலுறுப்பின் பெயரைச் சொல்லச் சொன்னபோது நாற்பது வயது கடந்த ஒரு தந்தை மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சொன்னார். அவர் வீட்டுக்குப் போய் மகனிடம் அதைச் சொல்லும்போது செருமல் ஒன்றாகக் குறைந்திருக்கும். பயன் அவ்வளவுதான், ஆனால் எந்த ஆசிரியராலும் தர முடியாத பயன். குறை என்னவென்றால், பணமும் ஓய்ந்த சனிக்கிழமையும் இருக்கிறவர்கள்தான் வருகிறார்கள். தமிழில் நடப்பதும் அரிது.

வீட்டைப் பற்றி நமக்கு இருக்கும் பெருமைக்கு அடிப்படை குறைவு. மகள் வயதுக்கு வந்தால் மண்டபம் எடுத்து, தாய்மாமன் சீர் வைத்து, புகைப்படக்காரரை அழைத்துக் கொண்டாடுகிறோம். அந்தப் பட்டுப்புடவைச் சிறுமியிடம் பூசை அறைக்குப் போகாதே என்று சொல்ல ஐந்து பேர் இருக்கிறார்கள். பஞ்சை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வலி எந்த அளவைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்ல ஓர் அத்தை இருந்தால் அதிர்ஷ்டம். மகனுக்கு அந்த விழாவும் இல்லை. இரவில் உள்ளாடை நனைந்தால் அது நோயா என்று அவன் கைப்பேசியைத்தான் கேட்கிறான். கைப்பேசி வேறு பாடங்களையும் சேர்த்தே நடத்திவிடுகிறது. சக மாணவியரின் முகத்தை வைத்துப் போலி நிர்வாணப் படம் செய்த சம்பவம் 2024இல் இங்கேயே ஒரு பள்ளியில் நடந்து காவல்துறை வரை போனது. அந்தரங்கப் படத்தைப் பரப்புவது 2020இலிருந்து குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றம் என்பதை எத்தனை அப்பாக்கள் மகன்களிடம் சொல்லியிருப்பார்கள்?

ஆனாலும் காலத்தில் வீட்டை மிஞ்ச ஆளில்லை. மகளின் உடல் மாறுவதை முதலில் பார்ப்பது வீடு. போய்க் கேட்பதற்கான ஆளும் வீட்டில் இருந்தால்தான் நள்ளிரவிலும் இருப்பார்.

எனவே என் தேர்வு இது: விலகல் படிவத்தை நிரப்பாதீர்கள். தகவலுக்கும் சட்டத்துக்கும் பள்ளி போதும், வேறு யாரும் அவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை. பிள்ளைக்கான ஒருநாள் பயிலரங்குக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தைப் பெற்றோருக்கான பயிற்சியில் போடுங்கள், அதுவும் அம்மாவைவிட அப்பாவை அனுப்புங்கள். மதக் காரணத்துக்காக விலக்கியே தீருவேன் என்பவர்கள், விலக்கிய மணி நேரத்துக்கு ஈடாக வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் அன்றே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு பள்ளியின் இணையத்தளத்திலும் பாலியல் கல்விப் பாடத் தலைப்புகளும் அவை எந்தத் தவணையில் வருகின்றன என்பதும் போடப்பட்டிருக்கும். அதைத் திறந்து பாருங்கள். பருவ மாற்றப் பாடம் மூன்றாம் தவணை என்றிருந்தால், வீட்டுப் பேச்சை முதல் தவணையிலேயே தொடங்கிவிடுங்கள். மகள் தொடக்கநிலை 4இல் இருந்தால் இந்த டிசம்பர் விடுமுறையிலேயே.