சமையலறை டிஜிட்டல் தராசு: டயட்டுக்கு எவ்வளவு உதவும், எங்கே கைவிடும்

டயட் தொடங்குபவர்கள் வாங்கும் சாமான்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அப்படிப் போகாமலிருக்கத் தகுதியுள்ள பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால், 5 கிலோ வரை தாங்கி ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசைச் சொல்லலாம். புளூடூத் வேண்டாம், செயலி வேண்டாம், கண்ணாடி மேற்பரப்புகூட வேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சாப்பிடும் எல்லாவற்றையும் அதில் ஏற்றக் கூடாது. எல்லாவற்றையும் எடைபோடக் கிளம்புகிறவர்கள்தான் முதலில் சலித்துப்போய் விடுகிறார்கள்.

இதன் தேவையே கண் மதிப்பில் வரும் பிழையால்தான். குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை மட்டும் இறங்க மறுக்கிறது என்று சொன்ன சிலரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. அவர்கள் எழுதிக்கொடுத்த கணக்கு, உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் சிலரே என்பதால் அந்த எண்ணை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உணவுக் குறிப்பேடு பார்க்கும் எவருக்கும் புதிதல்ல.

கண் ஏமாறும் பொருட்கள் நான்கைந்துதான். எண்ணெய் முதலில். ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி., எடையில் ஏறத்தாழ 14 கிராம், கலோரி 120க்கு மேல். பாட்டிலைச் சாய்த்து வாணலியைச் சுற்றி ஊற்றும்போது முதல் கரண்டி எங்கே முடிந்து இரண்டாவது எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்து நிலக்கடலை, பாதாம் போன்றவை: 30 கிராமில் 170 கலோரிக்குக் குறையாது, ‘ஒரு கைப்பிடி’ என்பதோ கைக்குக் கை மாறும். பிறகு அரிசி போன்ற தானியங்கள், சர்க்கரை, பாலாடைக்கட்டி. வெள்ளரிக்காயையும் கீரையையும் எடைபோட்டுக் கொண்டிருப்பது வீண் வேலை. 100 கிராம் வெள்ளரியில் 15 கலோரிதான், 50 கிராம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன. காய்கறியை எடைபோட ஒரே நியாயம் நேரெதிரானது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் என்கிறது. அது எவ்வளவு பெரிய குவியல் என்று ஓரிரு முறை தராசில் வைத்துப் பார்த்தால், போதுமான அளவு சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கை பலருக்கு ஆட்டம் காணும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. தாங்கும் எடையில் பாத்திரத்தின் எடையும் சேர்த்தி. டேர் பொத்தானை அழுத்தினால் திரையில் பூஜ்யம் வரும், ஆனால் பாத்திரத்தின் சுமை தராசை விட்டுப் போய்விடாது. ஒன்றரைக் கிலோ குக்கரை வைத்துப் பூஜ்யமாக்கினால் 5 கிலோ தராசில் இன்னும் மூன்றரைக் கிலோவுக்குத்தான் இடம். நான்கைந்து பேருக்குச் சேர்த்துச் சமைக்கும் வீடென்றால் 10 கிலோ மாடலே வசதி, அதுவும் ஒரு கிராம் துல்லியம் இருந்தால் மட்டும். பெரிய பாத்திரத்தை வைத்தால் திரை மறைகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மெல்லிசான தட்டை மாடல்களில் இது பெரிய தொல்லை. தானாக அணையும் நேரம் குறைந்தது இரண்டு நிமிடமாவது இருக்க வேண்டும். அதற்குள் அணைந்துவிட்டால் டேர் கணக்கு அழிந்துபோகும், பாதி போட்ட பொருளை மறுபடி கொட்டி எடுக்க வேண்டியதுதான். பேட்டரி டிரிபிள் ஏ வகையாக இருந்தால் எங்கும் கிடைக்கும்.

மி.லி. காட்டும் வசதியை நம்ப வேண்டாம். தராசுக்குக் கன அளவு தெரியாது. உள்ளே இருப்பது தண்ணீர் அல்லது பால் என்று வைத்துக்கொண்டு எடையைத்தான் மாற்றிக் காட்டுகிறது. 100 மி.லி. எண்ணெயின் எடை 92 கிராம் அளவுதான் என்பதால் தண்ணீர்க் கணக்கில் அது 92 மி.லி. என்றே வரும். கிராமிலேயே வைத்துவிட்டு அந்தப் பொத்தானை மறந்துவிடுவது நல்லது.

வாங்கிய அன்றே மூன்று சோதனைகள் செய்துவிடுங்கள். முதலாவது, அரைக்கிலோ அளவுள்ள ஒரு பொருளை நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். வித்தியாசம் 2 கிராமைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டாவது, இரண்டு பொருட்களைத் தனித்தனியே எடைபோட்டுப் பிறகு சேர்த்து எடைபோடுங்கள். கூட்டுத்தொகை ஓரிரு கிராமுக்குள் ஒத்துவர வேண்டும். மூன்றாவது, ஒரே பொருளை ஐந்தாறு முறை எடுத்து எடுத்து வையுங்கள். எண் தாவக் கூடாது. இந்தச் சோதனைகளில் தேறிய தராசு மொத்தமாக ஒரு விழுக்காடு தள்ளிக் காட்டினாலும் டயட்டுக்கு அது ஒரு பொருட்டல்ல. அதையும் பார்த்துவிட நினைத்தால் எம்1 வகை (எடைக்கற்களின் துல்லியத் தரங்களில் ஒன்று) 500 கிராம் எடைக்கல் ஒன்று போதும். அந்த வகையில் அனுமதிக்கப்பட்ட பிழை 25 மில்லிகிராம்தான். அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றிச் சரிபார்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. குவளையின் கோடு தராசைவிட மோசமாக இருக்கலாம் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

எண்ணெயை அளக்கும் வழி தெரிந்தால் தராசின் பாதி விலை அன்றே தேறிவிடும். வாணலியைத் தராசில் வைக்காதீர்கள், பாட்டிலை வையுங்கள். டேர் அழுத்துங்கள். பாட்டிலை எடுத்து வேண்டியதை ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் மைனஸ் 11 என்று காட்டும். ஊற்றியது 11 கிராம். கரண்டி கழுவ வேண்டாம், ஒட்டி வீணாவதும் இல்லை. தேன், வெண்ணெய், கடலை வெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே முறை. சூடான பாத்திரத்தை மட்டும் நேராக ஏற்றக் கூடாது. உள்ளே உலோகத்தின் நுண்ணிய வளைவை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் வெப்பத்தில் தடுமாறும். எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கெட்டியான மரப்பலகை ஒன்றை முதலில் வைத்து, டேர் செய்து, அதன்மேல் வைத்தால் சரி.

கணக்கு அதிகம் தவறுவது பச்சையா வெந்ததா என்ற இடத்தில். 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி. அது வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறு ஆகும், அந்தச் சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. தட்டில் 200 கிராம் சோற்றை எடைபோட்டுவிட்டு, செயலியில் ‘அரிசி 200 கிராம்’ என்று தேர்ந்தெடுத்தால் 260க்குப் பதில் 720 என்று ஏறும். மறுதலையாகச் செய்தால் உண்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் வரும். பருப்பும் இப்படித்தான் ஊதும். இறைச்சி எதிர்ப்பக்கம் போகும், வேகும்போது கால்வாசி எடை இறங்கிவிடும். எப்போதும் பச்சை எடையையே பிடித்துக்கொள்வது பத்திரம், ஏனென்றால் வெந்த எடை எவ்வளவு தண்ணீர் விட்டோம், எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்து ஆடும்.

சரி, பலருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் சமைத்தால்? காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை பார்த்து அதன் அடியில் அழியாத மையால் எழுதிவையுங்கள். போட்ட பொருட்களின் கலோரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். சமைத்து முடித்ததும் மொத்த எடையிலிருந்து பாத்திரத்தைக் கழியுங்கள். 1,600 கிராம் உணவு, மொத்தம் 2,000 கலோரி என்றால் கிராமுக்கு 1.25. தட்டில் 320 கிராம் எடுத்தால் 400 கலோரி. கேட்கும்போது பெரிய வேலையாகத் தோன்றும். அடிக்கடி செய்யும் நான்கைந்து உணவுகளுக்கு ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துவிட்டால் மறுபடி தொட வேண்டியதில்லை.

உப்புக்கு இந்தத் தராசு உதவாது. பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. ஒரு கிராமாக நகரும் கருவியில் அது ஐந்தே படிகள். போதாக்குறைக்குப் பல மாடல்கள் பூஜ்யத்திலிருந்து முதல் இரண்டு மூன்று கிராமைக் கண்டுகொள்வதே இல்லை. மெதுவாகத் தூவினால் அதைப் பூஜ்யத்தின் அலைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். உப்பைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் 0.1 கிராம் காட்டும் சிறிய பாக்கெட் தராசு தனியாக வேண்டும். அல்லது வாரத்துக்கான உப்பை மொத்தமாக எடைபோட்டு ஒரு டப்பாவில் வைத்து, அது எப்போது தீர்கிறது என்று பார்க்கலாம். எங்கள் பார்வையில் இதுதான் எளிது.

செயலியோடு இணையும் ‘ஸ்மார்ட்’ தராசுகளுக்குக் கூடுதலாகச் செலவழிக்க ஒரு காரணமும் தென்படவில்லை. எடை தானாகப் பதிவாகும்தான். ஆனால் என்ன உணவு என்பதை நாம்தான் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும், நேரம் போவதே அங்கேதான். செயலி கைவிடப்பட்டால் தராசின் பாதிப் பயனும் போய்விடும். துல்லியம் கூடும் என்ற வாதமும் நிற்காது. மாவுச்சத்து, புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்ற கணக்கே சராசரிதான். முழுப் பாதாமில் உடல் எடுத்துக்கொள்ளும் கலோரி அந்தக் கணக்கைவிடக் கணிசமாகக் குறைவு என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அடிப்படையே இப்படித் தளர்வாக இருக்கும்போது அரை கிராமுக்குச் சண்டை போடுவதில் பொருளில்லை.

தொடர்ந்து பயன்படுத்த ஒரு திட்டம் வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எண்ணெய், கொட்டை வகை, தானியம், சர்க்கரை ஆகிய நான்கை மட்டும் எடைபோடுங்கள். கூடவே வீட்டுக் கரண்டியும் கிண்ணமும் எவ்வளவு பிடிக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கரண்டியே தராசு. மாதம் ஒருமுறை கண் மதிப்பில் எடுத்து வைத்துவிட்டு எடைபோட்டுப் பாருங்கள். கைப்பழக்கத்தில் அளவு மெல்ல ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும், குறிப்பாக எண்ணெயில். பழக்கம் படிவது பற்றி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக வருவதற்கு ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. அதனால் விருந்துக்கோ பயணத்துக்கோ தராசைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

சிலருக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டோம். உணவைக் கண்டு அஞ்சும் நிலை, பட்டினி கிடந்து பிறகு அளவின்றி உண்ணும் நிலை இவற்றில் இருப்பவர்களுக்கோ இருந்து மீண்டவர்களுக்கோ இந்த எண்கள் கேடுதான் செய்யும். வளரும் பிள்ளைகளின் தட்டையும் எடைபோடக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொண்டு மாவுச்சத்தைக் கணக்கிட வேண்டியவர்களுக்கோ இது வசதியல்ல, தேவை. அவர்கள் மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் மாதாமாதம் செய்ய வேண்டும்.

தராசைச் சமையல் மேடையில், எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில், சமதளத்தில் வையுங்கள். அலமாரிக்குள் போனால் எடுக்க மாட்டீர்கள். அதன்மேல் தட்டுகளை அடுக்கி வைக்காதீர்கள், நாள்பட்ட சுமையில் பூஜ்யம் நகரும். ஓடும் தண்ணீரில் கழுவாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பர் கால்களில் ஒன்று கழன்றால் உடனே ஒட்டுங்கள்: மூன்று காலில் நிற்கும் தராசு எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும், அந்த எண் தவறு என்று மட்டும் காட்டாது.