பொருளியல் படிக்கச் சேரும் முன்: நோட்ஸை வாங்கிப் பாருங்கள், ஓடிபி யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்

"தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. பொருளியல் சேர்த்துவிடுகிறோம், ஞாயிறு வகுப்பு, நோட்ஸ், அசைன்மென்ட் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று சொல்லி, வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு பயிற்சி மையம் தலைக்கு 18,500 ரூபாய் வாங்கியிருக்கிறது. ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரே வரி. பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு போனது என்பதற்குத் தடயமே இல்லை. ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு அலைய நேரமில்லை என்பதைத்தான் அந்த மையம் பயன்படுத்திக்கொண்டது.

பணம் போனதைவிட அந்த நோட்ஸைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு வயிறு எரிந்தது. விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்று அளப்பதுதான் நெகிழ்ச்சி. அந்தப் பாடத்தில் ஒரு கணக்கு: விலை 20 ரூபாயிலிருந்து 25 ஆகிறது, வாங்கும் அளவு 100 கிலோவிலிருந்து 80 ஆகிறது. நோட்ஸ் அளவில் குறைந்த 20ஐ விலையில் கூடிய 5ஆல் வகுத்து, 'விடை 4, மிகை நெகிழ்ச்சி' என்கிறது. அது நெகிழ்ச்சியே அல்ல. கிலோவை கிராமாக மாற்றி எழுதினால் அதே வழியில் 4,000 வரும். அலகை மாற்றினால் மாறிவிடும் எண் எப்படி நெகிழ்ச்சியாகும்? வகுக்க வேண்டியது சதவீத மாற்றத்தை. அளவு 20 சதவீதம் குறைந்தது, விலை 25 சதவீதம் கூடியது, விடை 0.8. ஆனால் இதையே 25லிருந்து 20க்குத் திருப்பிப் போட்டால் 1.25 வரும். அதனால்தான் இரண்டு புள்ளிகளின் சராசரியை அடியாக வைக்கிறோம்: 20ஐ 90ஆல் வகுத்தாலும், 5ஐ 22.5ஆல் வகுத்தாலும் 22.2 சதவீதம்தான், நெகிழ்ச்சி 1. மொத்தச் செலவை வைத்துச் சரிபார்க்கலாம். முன்பு 20 × 100 = 2,000 ரூபாய், இப்போது 25 × 80 = 2,000 ரூபாய். நெகிழ்ச்சி 1 என்றால் விலை மாறினாலும் மொத்தச் செலவு மாறாது. இங்கே மாறவில்லை, ஆகவே 1 சரி. இதை 4 என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதப் போயிருக்கிறார்கள்.

இன்னொரு பிழை. எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது தேவைக் கோடு. காபித்தூள் விலை ஏறினால் சிலர் டீக்கு மாறுவார்கள், டீத்தூளின் தேவைக் கோடே வலப்பக்கம் இடம்பெயரும். நோட்ஸ் அதை ஒரே கோட்டின் மேல் நகர்வதாக வரைந்திருக்கிறது. டீத்தூளின் சொந்த விலை மாறினால் மட்டுமே கோட்டின் மேல் நகர்வு. இந்த வேறுபாடு புரியாவிட்டால் அடுத்து வரும் சமநிலை விலைப் பாடம் முழுக்கத் தடுமாறும். இந்தியப் பொருளாதாரப் பகுதியில் திட்டக்குழு இன்னும் இயங்குவதாக எழுதியிருக்கிறது. 2015 ஜனவரி 1 அன்றே அதன் இடத்தில் நிதி ஆயோக் வந்துவிட்டது. எந்த நோட்ஸை வாங்கினாலும் முதலில் இந்த மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள்.

வகுப்பு நேரத்தையும் கணக்குப் பண்ணுங்கள். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் கொண்ட அறிமுக நுண்பொருளியல் தாளுக்கு 180 மணி. ஆறு மாதத்தில் முடிக்க வாரம் ஏழு மணி நேரமாவது வேண்டும். மையம் கொடுத்தது பன்னிரண்டு ஞாயிறு, தலா இரண்டு மணி, ஆக 24 மணி. மிச்சம் 156 மணியை யார் படிப்பது என்று யாரும் சொல்லவில்லை.

சேர்க்கையில்தான் பெரிய ஆபத்து. தொலைநிலைப் படிப்பில் சேர இப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி வேண்டும். அதற்கு முன்பு ஏபிசி ஐடி, அதாவது மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் கணக்கின் எண். இரண்டையும் உங்கள் கைபேசியில் நீங்களே எடுக்கலாம். மையம் தன்னுடைய எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிட்டால் ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். தேர்வு விண்ணப்பம் தனி, அதற்குக் கட்டணமும் தனி. கடைசித் தேதி தாண்டியது மாணவருக்குத் தெரியவே தெரியாது. ஹால் டிக்கெட் தேடும் நாளில்தான் விஷயம் வெளியே வரும். பிரான்சைஸ் முறையில், அதாவது வெளி மையத்திடம் ஒப்படைத்து, தொலைநிலைப் படிப்பு நடத்துவதை யுஜிசி விதிகள் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பல்கலைக்கழகமும் பாடமும் அந்த ஆண்டுக்கு அங்கீகாரம் பெற்றவையா என்று டெப் தளத்தில் பார்த்துவிட்டு, கட்டணத்தைப் பல்கலைக்கழகத் தளத்திலேயே நேரடியாகக் கட்டுங்கள்.

அசைன்மென்ட்டை விலைக்கு வாங்காதீர்கள். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் அதற்குப் பெரும்பாலும் 30 சதவீத மதிப்பு. நாற்பது பேர் ஒரே விடையை, ஒரே பிழையோடு எழுதிக் கொடுத்தால் திருத்துபவர் கண்ணில் படாமல் போகாது.

படிக்க வேண்டியவை இலவசமாகவே கிடைக்கின்றன. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தமிழ்ப் புத்தகங்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். இக்னோ பாடநூல்கள் அதன் இணைய நூலகமான இ-ஞான்கோஷில் இருக்கின்றன. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இணைய வகுப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, யுபிஐ விவரம், வாட்ஸப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு; செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கெல்லாம் முன்பு இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று: உங்கள் சேர்க்கைப் பதிவில் இருக்கும் கைபேசி எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் மண்டல மையத்துக்கு அடையாள அட்டையோடு நேரில் போய் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.