முக்காலியிலிருந்து சைரந்திரி வரை: சைலன்ட் வேலிக்கு இரண்டாம் முறை

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பில்லூர் அணைத் தண்ணீர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சிறுவாணியா பில்லூரா என்று கேட்டுத்தான் இங்கே வாடகைக்கு வீடு பார்ப்பார்கள். பில்லூருக்கு வருவது பவானி ஆறு. மகளின் எட்டாம் வகுப்புப் பாடத்துக்காக வரைபடத்தை விரித்தபோதுதான் அந்த ஆற்றின் வழியை நானே ஒழுங்காகப் பார்த்தேன். நீலகிரி மலையில் கிளம்பி, கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வரும் வழியில் முக்காலி என்ற சின்ன ஊரைத் தொட்டுப் போகிறது. அந்த முக்காலிதான் கேரளத்தின் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்கு வாசல்.

நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். காடு ஒன்றுதான், ஜீப் பாதையும் ஒன்றுதான். ஆனால் முதல் முறை எதற்குப் போனோம் என்று இருந்தது. இரண்டாம் முறை, இந்தப் பிப்ரவரியில் போய்வந்தது, வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாறியது நாங்கள் திட்டமிட்ட விதம் மட்டும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை போனது மூன்று வருடத்துக்கு முன், ஓர் அக்டோபர் ஞாயிறு. ஒரு டூர் ஏஜென்சி மூலம் போனோம். பெயர் வேண்டாம். 22 பேர், ஒரு வேன். ‘சிங்கவால் குரங்கு கட்டாயம் பார்க்கலாம்’ என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். அந்த வார்த்தையைக் கேட்டவுடனே நான் விலகியிருக்க வேண்டும். காட்டு விலங்கைக் கட்டாயம் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும், ஒன்று அவர்களுக்குக் காடு தெரியாது, இல்லை விலங்கைத் தொந்தரவு செய்து காட்டப் போகிறார்கள். எல்லோருக்கும் பளிச்சென்று ஆரஞ்சு டீஷர்ட் கொடுத்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தி, முக்காலி சேரும்போது பதினொன்றரை மணி. வெயில் ஏறியபின் பறவைகள்கூட அடங்கிவிடும். எங்கள் ஜீப்பில் ஒருவர் போனில் பாட்டு வைத்தார். வழிகாட்டி இரண்டு முறை கேட்டுக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார். இறங்கி நடந்த கொஞ்ச தூரத்தில் அட்டை ஏறியதும் ஒரே அலறல், உப்பு, லைட்டர். எந்த விலங்கையும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் நடந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல். ஏஜென்சி ஆள் முன்கூட்டி யாரிடமும் கேட்காமல் வண்டியை ஒரு பழங்குடி ஊருக்குள் விட்டார். நாங்கள் இறங்கி, வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் படம் எடுத்தோம். நானும் எடுத்தேன். ஒரு பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் படத்தை அன்றிரவே அழித்துவிட்டேன். அட்டப்பாடி என்பது இருளர், முதுகர், குறும்பர் மக்களின் ஊர். கண்காட்சிக்கு வைத்த இடமல்ல. யாராவது ‘டிரைபல் வில்லேஜ் விசிட்’ என்று பயணத்தில் சேர்த்து விற்றால், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சரி, இந்த முறைக்கு வருகிறேன். நான், என் கணவர், மகள், என் மாமனார் என்று நான்கு பேர். மாமாவுக்கு 74 வயது. மின்வாரியத்தில், குந்தா மின்நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து முடிவு செய்தோம். வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் கூட்டம் சேர்ந்துவிடும். முன்கூட்டியே வனத்துறைக்குப் போன் செய்து இடம் உறுதி செய்துகொண்டேன். முக்காலியைத் தாண்டிச் சொந்த வண்டி போக முடியாது. அங்கேயே காரை விட்டுவிட்டு, அனுமதி பெற்ற ஜீப்பில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது என்று இணையத்தில் பார்த்தேன். எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்த முதல் விஷயமே இதுதான். வரிசையாக நூறு கார் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் மலைகளை நாம் பார்த்திருக்கிறோம் இல்லையா?

முந்தின நாள் மதியமே கிளம்பி, முக்காலியில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, காலை முதல் ஜீப்பைப் பிடிக்கலாம். இன்னொன்று, தடாகம், ஆனைகட்டி வழி யானைகள் சாலையைக் கடக்கும் வழி. விடிவதற்கு முன் இருட்டில் அங்கே வேகமாக வண்டி ஓட்டுவது நமக்கும் நல்லதல்ல, யானைக்கும் நல்லதல்ல. பகலில் போனால் இன்னொன்றும் கிடைக்கும். ஆனைகட்டி தாண்டினால் முள்ளும் கள்ளியுமாகக் காய்ந்த மலை. கூளிக்கடவு, அகளி வரை அப்படித்தான். தாவளம் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறும். முக்காலியில் இறங்கும்போது காற்றே வேறு. தென்மேற்கு மழையை மேற்கு மலைகள் வாங்கிக்கொள்ள, கிழக்கு அட்டப்பாடி மழை மறைவில் நிற்கிறது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். மகளுக்குப் பாடப் புத்தகத்தில் நான்கு வரியில் இருந்தது இது.

எடுத்துப்போனவை: ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதமும் வாழைப்பழமும், ஒரு பைனாகுலர், மங்கிய பச்சையிலும் காக்கியிலும் சட்டைகள். பிஸ்கட் பாக்கெட்டோ சிப்ஸோ ஒன்றும் எடுக்கவில்லை. சத்தமில்லாமல் பிரிக்க முடியாத எதையும் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது என் கணவர் போட்ட விதி. குப்பையும் தானாகக் குறைந்துவிட்டது. அட்டைக்கு உப்பு, மூக்குப்பொடி, லைட்டர் எதுவும் வேண்டாம். காடாத் துணியில் முழங்கால் வரை வரும் உறை தைத்துக்கொண்டோம். எங்கள் தெரு டெய்லர் ஒரு மணி நேரத்தில் நான்கு ஜோடி தைத்துக் கொடுத்தார். பிப்ரவரியில் அட்டை குறைவு. மழைக்காலத்தில் போனால் இந்த உறை இல்லாமல் போகாதீர்கள். அப்படியும் ஏறிவிட்டால், கடித்த இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். கொசு மருந்து பூசிய கையையும் காலையும் ஓடையில் கழுவாதீர்கள். தவளைகள் தோலாலேயே தண்ணீரை உறிஞ்சுகின்றன, தண்ணீரில் கலக்கும் எல்லாவற்றையும் சேர்த்து.

காலை எட்டு மணிக்கு ஜீப் கிளம்பியது. முக்காலியிலிருந்து, பூங்காவுக்குள் ஜீப் போய்ச் சேரும் இடமான சைரந்திரி 23 கிலோமீட்டர். பாதை குலுக்கும், முதுகுவலிக்காரர்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வழிகாட்டி முதுகர் சமூகத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். நல்ல தமிழ் பேசினார். ஏறியதும் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “எதையாவது பாத்தா கத்தாதீங்க. கையைக் காட்டுங்க போதும். நான் வண்டிய நிறுத்தச் சொல்றேன்.”

முதல் சில கிலோமீட்டர் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் மரங்கள் தலைக்கு மேலே கூடிக்கொண்டன. வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழுந்தது. ஒரு மலை அணில், நம் வீட்டுப் பூனையைவிட நீளம், கிளையோடு ஒட்டிப் படுத்திருந்தது. கருமந்திகள் ஒரு கூட்டம். இன்னொரு வளைவில் மேலே இருவாச்சி பறந்து போனது. அதன் இறக்கைச் சத்தம் ரயில் மூச்சு வாங்குவது மாதிரி இருந்தது, பறவை கண்ணுக்குத் தெரியும் முன்பே கேட்டுவிட்டது. போன முறை அந்தப் பாட்டுச் சத்தத்தில் இது கேட்டிருக்குமா?

இந்தப் பள்ளத்தாக்கில் சில்வண்டுச் சத்தம் இல்லாததால் ‘சைலன்ட்’ என்று பெயர் வந்தது என்பார்கள். பாஞ்சாலியின் அஞ்ஞாதவாசப் பெயரான சைரந்திரிதான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது என்றும் சொல்வார்கள். எங்களுக்குச் சில்வண்டு நன்றாகவே கேட்டது.

பாதி வழிக்கு மேல் வழிகாட்டி ஜீப்பை நிறுத்தி இறங்கச் சொன்னார். தரையெல்லாம் கடித்துப் போட்ட பூக்கள். அண்ணாந்து பார்த்தால் வெடிப்பலா மரம். பூக்கள் கிளைகளிலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. சிங்கவால் குரங்குக்கு இதன் பூவும் காயும் முக்கியமான சாப்பாடு. “இப்பத்தான் போயிருக்கு, பூ வாடல பாருங்க” என்றார். மேலே கிளைகள் அசைந்தன. ஒரு வால், நுனியில் குஞ்சத்தோடு, இலைக்குப் பின்னால் தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான். முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. மகள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். “வேண்டாம் பாப்பா. நாம போனா அது சாப்பிடறத விட்டுட்டுப் போயிரும்” என்றார். அவர் விசிலடிக்கவில்லை, கல்லை எறியவில்லை, பழத்தைக் காட்டிக் கூப்பிடவில்லை. வால்பாறைப் பக்கம் தின்பண்டத்துக்காகச் சாலையில் இறங்கி நிற்கும் சிங்கவால் குரங்குகளை நான் பார்த்திருக்கிறேன். முகமெல்லாம் நன்றாகத் தெரிந்தது, அருகில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. மர உச்சியிலேயே வாழ வேண்டிய விலங்கு அது. இங்கே பார்த்த அந்த வால் நுனியே எனக்குப் போதும்.

சைரந்திரியில் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. இரும்புப் படிகள், நல்ல உயரம். மாமாவைக் கீழேயே இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. “பென்ஸ்டாக் படியெல்லாம் ஏறி இறங்குனவன்” என்று நின்று நின்று ஏறிவிட்டார். மலையிலிருந்து மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்தான் பென்ஸ்டாக்.

அவர் இங்கே வர ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். குந்திப்புழை ஆற்றின் குறுக்கே இந்தச் சைரந்திரியில்தான் நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டார்கள். திட்டக்குழு 1973-இல் ஒப்புதல் கொடுத்தது. கட்டியிருந்தால் சுமார் 830 ஹெக்டேர் மழைக்காடு மூழ்கியிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் எழுதினார்கள். சாலிம் அலி, எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்களும் காட்டின் பக்கம் நின்றார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984 நவம்பரில் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். அந்த வருடங்களில் மாமா குந்தாவில் இளம் ஆபரேட்டர். ஊரெல்லாம் மின்வெட்டு இருக்கும்போது குரங்குக்காக அணையை நிறுத்துவதா என்று தானும் கூட இருந்தவர்களும் கோபப்பட்டதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மேலே நின்று வழிகாட்டியிடம் அதைத்தான் முதலில் கேட்டார். “ஏந்தம்பி, அணை எங்க வர்றதா இருந்துச்சு?”

“அங்க கீழங்க ஐயா. ரெண்டு மலையும் நெருங்கி வருதே, அந்த இடுக்குல.”

மாமா பைனாகுலரை வாங்கி வெகு நேரம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை மரத் தலைகள். நடுவே ஆறு ஒரு நூல் மாதிரி மின்னியது. “நல்ல சைட்டுதான்” என்றார். அப்புறம், “தண்ணி துளிகூடக் கலங்கலையே” என்றார்.

“மழையிலயும் அவ்வளவாக் கலங்காதுங்க. மேல மண்ணு வெளிய தெரியற எடமே இல்லையே.”

மாமா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லோரையும் முன்னால் இறங்கவிட்டுக் கடைசியாக இறங்கினார்.

ஆற்றுக்கு இறங்கும் பாதை எப்போதும் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மழை, யானை நடமாட்டம் எல்லாவற்றையும் பொறுத்தது அது. எங்களுக்கு மாமாவை வைத்துக்கொண்டு நடக்கும் எண்ணமும் இல்லை. மொத்தப் பயணமும் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உள்ளே கடை கிடையாது, இரவு விருந்து, கேம்ப் ஃபயர் கிடையாது. சாப்பிட்ட டப்பா முதல் வாழைப்பழத் தோல் வரை திரும்ப எடுத்து வந்தோம். தோல் மக்கிவிடும் என்று போட்டுவிடாதீர்கள். குரங்குக்கு அது மனிதச் சாப்பாட்டின் முதல் ருசி.

நாங்கள் கொடுத்த பணம் பெரும்பாலும் முக்காலியிலேயே தங்கியது என்பதும் எனக்கு நிறைவு. ஜீப் ஓட்டியவரும் வழிகாட்டியும் உள்ளூர்க்காரர்கள். காலையில் புட்டும் கடலைக்கறியும் போட்ட டீக்கடை அம்மாவும் அப்படித்தான். போன முறை கோயம்புத்தூரிலேயே ஏஜென்சியிடம் மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அங்கே ஒரு டீகூட வாங்காமல் திரும்பியிருந்தோம்.

யாருக்கு இது சரிவராது? ஒரே நாளில் நான்கு இடம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு, விலங்கின் முகம் படத்தில் விழ வேண்டும் என்பவர்களுக்கு, மிகச் சின்னக் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு. மற்ற எல்லோருக்கும் மனதார சொல்வேன், போய் வாருங்கள். நான்கைந்து பேராகப் போங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

திரும்பும்போது முக்காலியில் பவானிக் கரையில் காரை நிறுத்தச் சொன்னார் மாமா. “இதுதான நம்ம பில்லூருக்குப் போறது” என்று பேத்தியிடம் காட்டினார். பில்லூர் அணையும் குந்தாத் திட்டத்தில் சேர்ந்ததுதான், அவர் வேலை பார்த்த திட்டம். பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

இப்போது அவருக்கு ஒரே பிடிவாதம். மழைக்காலத்தில் மறுபடி போய், குந்திப்புழை உண்மையிலேயே கலங்காமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பெருமழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள் மாமா என்று சொன்னேன்.

“மூடிருந்தா போக வேண்டாம். திறந்திருக்கான்னு போன் போட்டுக் கேளு அம்மணி” என்கிறார்.