செந்தூல் டயர் கடை மாடி ஸ்டுடியோ: மிக்ஸிங், மாஸ்டரிங் பண்ணப் போன என் அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், ஸ்டுடியோ பேரை இங்க போடல. அதை நடத்துற எஞ்சினியர் அண்ணன் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, ஒத்த ஆளா வேலை பாக்குறாரு, இப்பவே மூணு வாரத்துக்கு புக்கிங் நிக்குது. கோலாலம்பூர் செந்தூல்ல பீட் (பாட்டுக்கு அடியில ஓடுற தாள இசை) பண்ற பசங்க யாரைக் கேட்டாலும் டயர் கடை மாடின்னா வழி சொல்லிடுவாங்க. எல்ஆர்டி ரயில்ல வந்து இறங்குனா நடந்தே போயிடலாம்.

நான் பகல்ல கிடங்குல வேலை, ராத்திரி பீட். 2006ல யோகி பி & நட்சத்திரா ராப் ஆல்பம் வந்தப்போ நான் ஃபார்ம் டூ (இடைநிலைப் பள்ளி ரெண்டாவது வருஷம்), ஸ்கூல் பஸ்ல பின்னாடி சீட்ல உக்காந்து ஒரே இயர்ஃபோனை ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு கேட்டோம், நம்ம ஊர் தமிழ்ல நம்ம ஊர் ஆளு இப்படிப் பண்ண முடியுமான்னு அன்னிக்கு உள்ள போனது இன்னும் வெளிய வரல. எனக்கு கிராமி வேணும், அமெரிக்காவோட பெரிய இசை விருது. சும்மா பேச்சுக்கு சொல்லல, நிஜமாவே வேணும், அதுக்காகத்தான் ஒவ்வொரு வருஷமும் ரூல் புக்கை எடுத்துப் படிக்கிறேன், நாமினேஷன் வர்ற ராத்திரி தூங்காம உக்காந்து பாக்குறேன். டாக்டர் ட்ரே 2001ல வருஷத்தோட சிறந்த புரொடியூசர் வாங்குனாரு, 2004ல நெப்டியூன்ஸ் வாங்குனாங்க, ரெண்டுமே ஹிப் ஹாப் பீட்லேர்ந்து வந்த ஆளுங்க. இத்தனைக்கும் 1989லதான் ராப்புக்குன்னு முதல் தடவையா ஒரு கிராமி குடுத்தாங்க, அதையும் டிவில காட்ட மாட்டோம்னு சொன்னதால ஜெயிச்சவங்களே விழாவுக்குப் போகல. அங்கேர்ந்து எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க. அப்புறம் நம்ம பக்கம் பாத்தா, விக்கு விநாயகராம் ஐயா 1992லயே கடம் வாசிச்சு கிராமி ஆல்பத்துல இருந்திருக்காரு. மண்பானைக்கு அங்க இடம் இருக்குன்னா உருமிக்கு ஏன் இருக்கக் கூடாது? என் ஆல்பம் முழுக்க உருமிதான், அதனாலதான் இந்த ஸ்டுடியோவுக்கே போனேன்.

ஏன்னா உருமியை மத்த சத்தங்களோட சரியா கலக்க, அதாவது மிக்ஸ் பண்ணத் தெரிஞ்ச ஆளு கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல, பேரு வேணாம், பெரிய இடம், கண்ணாடி ரூம், காபி மெஷின் எல்லாம் இருக்கும், அங்க குடுத்தப்போ திரும்பி வந்த பாட்டுல உருமி எங்கயோ பக்கத்து தெரு கோயில்லேர்ந்து கேக்குற மாதிரி இருந்துச்சு, கேட்டதுக்கு "லோ எண்ட் அடைக்குது ப்ரோ, அதான் வெட்டிட்டேன்"னு சொல்லிட்டாங்க. உருமியோட உயிரே அந்த அடி சத்தம்தான், அதை வெட்டிட்டா மிச்சம் என்ன?

இங்க போன அன்னிக்கு மாடிப்படி ஏறி கதவைத் திறந்ததும் முதல்ல கண்ணுல பட்டது சுவரு. மூலைக்கு மூலை பேஸ் ட்ராப் (அடி சத்தம் ரூம்ல தேங்காம உறிஞ்சுற பலகை) வச்சிருக்காரு, கடையில வாங்குனது இல்ல, ராக்வூலை மரச்சட்டத்துல அடைச்சு மேல துணி போர்த்தி தைச்சது, அந்தத் துணி எல்லாம் அவங்க அம்மாவோட பழைய கைத்தறிச் சேலை. மாம்பழ மஞ்சள்ல ஒண்ணு, அரக்கு பார்டர் போட்டது ஒண்ணு. ரூம்ல கை தட்டிப் பாத்தேன், சத்தம் தட்டுன இடத்துலயே நின்னுடுச்சு, எதிரொலியே இல்ல. ஸ்பீக்கர் பழைய யமஹா என்எஸ்-10, வெள்ளைக் கோன் போட்டது, அந்த மாடல் 2001லயே நிறுத்திட்டாங்க. அதுல நல்லா கேட்டா எதுல வேணா நல்லா கேக்கும்னு ஒரு பேச்சு இருக்கு, அண்ணன் அதை நம்புறாரு, இப்ப நானும் நம்புறேன்.

பாட்டைப் போட்டதும் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி கேட்டாரு. அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதுல 808 யாரு, உருமி யாரு?" 808ன்னா ட்ரம் மெஷின்லேர்ந்து வந்த அடி பேஸ் சத்தம். எனக்கு அப்பதான் புரிஞ்சுது. உருமில வளைஞ்ச குச்சியால தோலைத் தேய்க்கும்போது ஒரு முனகல் வரும் பாருங்க, ம்ம்ம்னு கீழேர்ந்து மேல வழுக்கிக்கிட்டு போகும், 808 பேஸும் அதே மாதிரிதான் வழுக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல வழுக்க விட்டு நான் பீட் பண்ணியிருக்கேன், வீட்டு ஹெட்ஃபோன்ல அது பெருசா இருக்குற மாதிரி தெரிஞ்சுது, உண்மையில ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முழுங்கிக்கிட்டு இருந்திருக்கு. முந்தி போன இடத்துல உருமியை வெட்டுனாங்க. இவரு 808ஐ விலகச் சொன்னாரு. 808ஐ 50 ஹெர்ட்ஸ் பக்கம் கீழ உக்கார வச்சு, உருமி முனகுற நேரத்துல மட்டும் அது தன்னால அடங்குற மாதிரி சைட்செயின் போட்டாரு, முனகல் முடிஞ்சதும் 808 திரும்ப எழும்பி வரும். நாலு பார் ஓட விட்டாரு. ரெண்டு பேரு மாறி மாறி பேசிக்கிற மாதிரி இருந்துச்சு. நான் ஒண்ணும் பேசல, திரும்பப் போடுங்கண்ணேன்னு மட்டும் சொன்னேன், ஏழெட்டு தடவை போட்டிருப்பாரு.

அப்புறம் மாஸ்டரிங், அதாவது கடைசியா பாட்டோட மொத்த சத்தத்தை சரி பண்றது. நான் எல்லாரையும் மாதிரி பாட்டு கத்தணும்னு மைனஸ் 7 எல்யூஎஃப்எஸ் (பாட்டோட சத்தத்தை அளக்குற அளவு, பூஜ்ஜியம் பக்கம் போகப் போக சத்தம் கூடும்) வரைக்கும் தள்ளி வச்சிருந்தேன். ஸ்பாட்டிஃபை சாதாரணமா மைனஸ் 14க்கு இறக்கித்தான் ஓட்டும், அப்ப நம்ம நசுக்குனது மட்டும் மிச்சம் நிக்கும், சத்தம் கிடைக்காது. இவரு கொஞ்சம் மூச்சு விட வச்சு முடிச்சாரு. கீழ இறங்கி அவரோட மைவி கார்ல உக்காந்து கேட்டோம், அது அவரு எல்லா பாட்டுக்கும் பண்ற கடைசி சோதனை, கார் ரேடியோல, ஏர்கான் ஓட, ஜன்னல் ஒரு பக்கம் திறந்து. "நம்ம சனம் பாட்டு கேக்குறது இங்கதான், அந்த வெள்ளை ஸ்பீக்கர்ல இல்ல"ன்னாரு. மைவில கேட்டுட்டு மேல ஏறி குரலை மறுபடி அரை டெசிபெல் தூக்குனாரு. அரை டெசிபெல்தான், ஆனா கோரஸ்ல வார்த்தை தெளிஞ்சுடுச்சு.

இதெல்லாம் நல்ல எஞ்சினியர் யாரும் பண்றதுதான், சரி. நான் உக்காந்து இவ்வளவு நீளமா எழுதுறது அடுத்து நடந்ததுக்காக.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பரைக் குடுத்து நிரப்பச் சொன்னாரு. யாரு எழுதுனது, யாரு மெட்டு, யாரு பீட், யாரு வாசிச்சது, எந்த ரூம்ல ரெக்கார்ட் ஆச்சு, யாருக்கு எத்தனை விழுக்காடு, எம்ஏசிபில (பாட்டு எழுதுறவங்க, இசையமைக்கிறவங்களோட காப்புரிமை அமைப்பு) மெம்பரா இல்லையா. நிரப்பாம செஷன் திறக்க மாட்டாரு. எனக்கு மொதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சு, மணிக்கு காசு குடுத்துட்டு வந்து ஃபாரம் நிரப்புறதான்னு. அப்ப அவரு எச். ஸ்ரீதர் கதையைச் சொன்னாரு. சென்னையில ரஹ்மான் சாருக்கு எத்தனையோ வருஷம் மிக்ஸ் பண்ணவரு, 2008 டிசம்பர்ல இறந்துட்டாரு. ரஹ்மான் சாருக்கு ரெண்டு கிராமி வந்தது 2010ல. அதுல 'ஸ்லம்டாக் மில்லியனர்' பட ஆல்பத்துக்கு கிடைச்ச கிராமில எஞ்சினியரா ஸ்ரீதர் சார் பேரும் இருக்கு, பி.ஏ. தீபக் பேரும் இருக்கு. ஆள் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆன பிறகும் பேரு போய் மேடையில நிக்குது, ஏன்னா எவனோ ஒருத்தன் உக்காந்து கிரெடிட்டை ஒழுங்கா எழுதியிருக்கான். அண்ணன் இதைச் சொல்லிட்டு பேனாவை என் கையில குடுத்தாரு.

நம்ம சீன்ல இது எப்படி நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப்ல பீட் அனுப்புவோம், 200 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வரும், பாட்டு வெளிய வரும்போது பாடுனவன் பேரு மட்டும் இருக்கும். எனக்கே நடந்திருக்கு, என் பீட்ல வந்த ஒரு பாட்டு தீபாவளிக்கு எல்லா கல்யாண மண்டபத்துலயும் ஓடுச்சு, எங்கயும் என் பேரு இல்ல, நான்தான் பண்ணேன்னு காட்ட என்கிட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ் கூட மிச்சம் இல்ல. கிராமிக்கு வந்தா இது இன்னும் கறார். ஆல்பம் ஆஃப் தி இயர்ல ஒரு புரொடியூசர் பேரு சேரணும்னா ஆல்பம் ஓடுற நேரத்துல குறைஞ்சது 20 விழுக்காடு அவரு வேலை இருக்கணும்னு 2023ல ரூலை மாத்திட்டாங்க. எத்தனை நிமிஷம் யாரோடதுன்னு நம்மகிட்டயே எழுத்து இல்லன்னா யாருகிட்ட போய் கேக்குறது? அதே வருஷம் புரொடியூசர் விருதை ஜெனரல் ஃபீல்டுக்கு மாத்துனாங்க, அதாவது ஓட்டு உள்ள மெம்பர் யாரு வேணா அதுக்கு ஓட்டு போடலாம், ஆல்பம், ரெக்கார்ட் எல்லாம் இருக்குற அதே வரிசையில புரொடியூசரும். மனுஷன் பண்ணது மட்டும்தான் செல்லும், ஏஐ மட்டும் பண்ண பாட்டை சேத்துக்க மாட்டாங்கன்னும் ரூல் இருக்கு, அதுக்கும் செஷன் ஃபைல், தேதி, யாரு வாசிச்சதுன்னு கைல இருந்தா நல்லதுதானே.

என் ஆல்பத்துல உருமி வாசிச்ச மாமாவை கூட்டிட்டுப் போன நாளைச் சொல்லணும். பத்து மலை பக்கம் இருக்காரு, தைப்பூசம்னா மூணு நாள் தூங்க மாட்டாரு, முப்பது வருஷமா வாசிக்கிறாரு. ரெக்கார்டிங் முடிஞ்சு கை துடைச்சிட்டு கிளம்பப் போனவரை அண்ணன் உக்கார வச்சு, "ஐயா, ஐசில இருக்குற மாதிரி முழுப் பேரு சொல்லுங்க"ன்னு கேட்டாரு. மாமா பர்ஸைத் திறந்து ஐசியையே, அதான் அடையாள அட்டையை, எடுத்து மேசையில வச்சிட்டாரு. அண்ணன் ஒவ்வொரு எழுத்தா பாத்து டைப் பண்ணி, ஏ/எல் (இன்னாரோட மகன்னு குறிக்கிறது) விட்டுப் போகாம, அப்பா பேரோட, திரையை மாமா பக்கம் திருப்பி சரியான்னு கேட்டாரு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. இதை ஒரு படம் எடுத்து என் மவளுக்கு அனுப்புடான்னு என்கிட்ட சொன்னாரு. எத்தனை கோயில்ல, எத்தனை சிடில இவரு வாசிச்சிருக்காரு, எதுலயும் பேரு வந்தது இல்லையாம்.

குறையும் சொல்லணும்ல. சொன்ன தேதிக்கு வேலை முடியாது. பத்து நாளுன்னு சொன்னது எனக்கு இருபத்தி மூணு நாள் ஆச்சு, நடுவுல மெசேஜுக்கு பதிலே வரல, அந்த வாரம் பாட்டை வெளியிட திட்டம் போட்டிருந்தா மாட்டியிருப்பேன். வெளியிடுற தேதி முக்கியம்னு நெனைக்கிறவங்க ஒரு மாசம் முன்னாடியே குடுங்க. கிராமி கணக்குல தேதி ரொம்ப முக்கியம், 2026 விழாவுக்கு 2024 ஆகஸ்ட் 31லேர்ந்து 2025 ஆகஸ்ட் 30 வரைக்கும் வெளிவந்தது மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க, ஒரு நாள் தள்ளிப்போனா அந்த வருஷம் போச்சு. ஏர்கான் சொட்டுது, குரல் ரெக்கார்ட் பண்ணும்போது நிறுத்தித்தான் ஆகணும், மதியம்னா உள்ள வெந்துடுவீங்க, அதோட கீழ டயர் கடையில காத்தடிக்கிற சத்தம் மைக்ல விழும். அதனால குரல் வேலையை ராத்திரி ஏழு மணிக்கு மேல வச்சுக்கோங்க. லிஃப்ட் கிடையாது, உருமி, பறை எல்லாம் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறணும். பார்க்கிங் கஷ்டம், சனிக்கிழமை சொல்லவே வேணாம்.

காசு: ரெக்கார்டிங் மணிக்கு 60 வெள்ளி, மிக்ஸும் மாஸ்டரிங்கும் சேத்து ஒரு பாட்டுக்கு 450 வெள்ளி, மூணு தடவை வரைக்கும் மாத்திக் குடுக்குறாரு. முந்தி போன கண்ணாடி ரூம்ல 800 குடுத்தேன். முன்பணம் பாதி, மிச்சம் ஃபைல் வாங்கும்போது, ஆன்லைன்ல தட்டி விடலாம். கைக்கு வர்றது 24 பிட் வேவ், இன்ஸ்ட்ருமென்டல் தனியா, அகபெல்லா (குரல் மட்டும்) தனியா, ஸ்டெம் (ட்ரம், பேஸ், குரல்னு பிரிச்ச ட்ராக்) எல்லாம் தனியா, கூடவே அந்த கிரெடிட் பேப்பர் கையெழுத்தோட. ஐஎஸ்ஆர்சி நம்பர் (ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் இருக்குற அடையாள எண்) 12 எழுத்தையும் பாட்டுக்குப் பாட்டு அதுலயே எழுதிடறாரு.

கிராமிக்கு பாட்டு அனுப்புறது தனி வேலை, அது இந்த ஸ்டுடியோ பண்ணித் தராது. கிராமி குடுக்குற ரெக்கார்டிங் அகாடமியோட மெம்பர், இல்ல அவங்ககிட்ட பதிஞ்ச மீடியா கம்பெனி, இவங்க வழியாத்தான் உள்ள போகும், பாட்டு அமெரிக்காவுலயும் வெளியாகியிருக்கணும். நான் மெம்பர் ஆகறதுக்கு பரிந்துரை தேடிக்கிட்டு இருக்கேன், அது கிடைச்சா தனியா எழுதுறேன்.

போறவங்க ஹார்ட் டிஸ்க் கொண்டு போங்க, பென்ட்ரைவ் பத்தாது. வாசிச்சவங்க எல்லாரோட முழுப் பேரையும் ஐசில இருக்குற மாதிரி எழுதி எடுத்துட்டுப் போங்க, அங்க போய் போன் பண்ணிக் கேட்டா அரை மணி நேரம் போயிடும். என் ஆல்பத்துல ஏழு பாட்டு முடிஞ்சிருக்கு, எட்டாவதுக்கு வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி புக் பண்ணியிருக்கேன், மாமாவும் வர்றாரு.