பெயிண்ட் புதுசு, சங்கிலி பழசு: வாடகை மிதவையில் படகு கட்டுகிறவர்களுக்கு

கடலோரமாகக் குடா குடாவாகப் போய்த் தங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

எங்களுடையது பத்து மீட்டர் பாய்மரப் படகு. நானும் என் மனைவியும் எங்கே போனாலும் சொந்த நங்கூரத்தில்தான் நிற்போம். இந்தத் தடவை சோம்பல். குடாவுக்குள் நுழையும்போதே ஒருவர் சின்னப் படகில் எதிரே வந்தார். “நங்கூரம் போட்டு எதுக்குச் சிரமப்படறீங்க? நம்ம மிதவையில கட்டிக்கோங்க. கீழே ஒரு டன் கான்கிரீட் கிடக்கு, இந்த வருஷம்தான் செக் பண்ணினோம்” என்றார். கடலடியில் கிடக்கும் கட்டியோடு சங்கிலியால் பிணைத்த அந்த மிதவை, பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் மிதந்தது. மூன்று ராத்திரி வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அவர் நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அந்த ‘ஒரு டன்’ பேச்சிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். கான்கிரீட் கடலுக்குள் போனால் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். கரையில் 1000 கிலோ இருக்கிற கட்டி அடியில் கிடக்கும்போது சுமார் 570 கிலோதான். சேற்றில் புதைந்திருந்தால் பிடிப்பு கூடும், கெட்டித் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் இல்லை. சரி, எங்கள் கதையில் கான்கிரீட் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாம் ராத்திரி காற்று ஏறியது. தூக்கம் கலைந்தது சத்தத்தால் அல்ல, சத்தம் நின்றதால். அதுவரை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், பளார் பளாரென்று அறைந்துகொண்டிருந்த அலை ஓய்ந்து, படகு பக்கவாட்டில் உருளத் தொடங்கியிருந்தது. மேலே ஓடிப் பார்த்தால் மிதவை அணியத்திலேயே இருக்கிறது, கயிறும் அப்படியே. ஒன்றுமில்லை என்று திரும்பியிருப்பேன். அப்போதுதான் கரையில் இருந்த ஒரு விளக்கு, பக்கத்துப் படகின் பாய்மரத்துக்குப் பின்னால் மெல்ல மறைந்து மறுபக்கம் வந்தது. நாங்கள் மிதவையையும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம்.

மனைவி இன்ஜின் சாவியில் கை வைத்துவிட்டாள். வேண்டாம் என்று கத்தினேன். அடியில் தொங்குகிற கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் அத்தோடு முடிந்தது. நங்கூரத்தையோ, மிதவையில்தானே நிற்கிறோம் என்று நானே இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். இது முழுக்க என் முட்டாள்தனம். கட்டைக் கத்தியால் அறுத்து நங்கூரத்தைக் கடலில் இறக்கினேன். ஆழம் 5 மீட்டர், அணியத்தின் உயரம் 1, இன்னும் ஏற வேண்டிய ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) 2. ஆக 8. நங்கூரத்தோடு விடுவது சங்கிலி என்றால் இதைப்போல் ஐந்து மடங்கு நீளம் வேண்டும். 40 மீட்டர் விட்ட பிறகு பிடித்தது. பாறைக்கும் எங்களுக்கும் இரண்டு படகு நீளம்கூட இருந்திருக்காது.

விடிந்ததும் மிதவையோடு தொங்கிய சங்கிலியை இழுத்துப் போட்டோம். மேலே இரண்டு மீட்டர் வரை நல்ல கனம், வளையத்தை அளந்தால் 12 மில்லிமீட்டர். கீழே போகப் போக இளைத்துக்கொண்டே போனது. கடைசி வளையம் வாய் பிளந்து கிடந்தது. அதற்கு முந்தினதில் தேய்ந்த இடம் 5 மில்லிமீட்டர். குறுக்குவெட்டில் பார்த்தால் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். சங்கிலி தேய்வது அங்கேதான். ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் தரையில் விழுந்து எழும் பகுதியை மணல் அரம் மாதிரி அராவுகிறது. அவர் ‘செக்’ பண்ணியது மிதவையிலிருந்து கை எட்டும் தூரம்.

அவரிடம் போய் வளையத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க படகு வெயிட் ஜாஸ்தி” என்றார். படகின் நீளம், எடை எல்லாம் எழுதித்தான் கட்ட விட்டார். பணத்தைக் கேட்டதும் அந்தத் தாளை எடுத்து நீட்டினார்: மிதவையின் நிலைக்கு வாடகைக்காரரே பொறுப்பு. மூன்றாம் ராத்திரி வாடகைகூடத் திரும்பவில்லை. போதாதென்று மிதவையை இடத்தில் வைத்துத் தரச் சொன்னார்!

இப்போதெல்லாம் நான் கேட்கிற முதல் கேள்வி: முக்குளித்துப் பார்த்தது யார், எந்தத் தேதி, எழுத்தில் இருக்கிறதா? இதற்கு மழுப்பினால் நங்கூரம்தான். தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்ணாடி மாட்டிக்கொண்டு நானே இறங்கிவிடுகிறேன். சங்கிலி தரையைத் தொடும் இடத்தையும், ஷேக்கிளின் (சங்கிலியை இணைக்கும் இரும்புக் கொக்கி வளையத்தின்) ஊசி கழன்றுவிடாமல் கம்பியால் கட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. அப்புறம் மிதவையில் கட்டியதும் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, கரையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் நன்றாக இழுத்துவிடுகிறேன். இந்தச் சோதனையில் எல்லாமே தெரிந்துவிடாது, 5 மில்லிமீட்டர் வளையம் அமைதியான கடலில் தாங்கியிருக்கவும் கூடும். அதனால் நங்கூரத்தை மட்டும் கட்டி வைப்பதில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போன நண்பர் சொன்னார், அதே இடத்தில் மறுபடி ஒரு மிதவை மிதக்கிறதாம். பெயிண்ட் இன்னும் காயக்கூட இல்லையாம்.